அரசியல் அறிவியல் பேராசிரியருக்கு பொருளாதார நோபல் எப்படி கெடச்சது? எலினோர் ஆஸ்ட்ரம் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன்

கேள்வி இதுதான்: எலினோர் ஆஸ்ட்ரம் டாக்டரேட் வாங்குனது அரசியல் அறிவியல்ல, வாழ்நாள் பூரா பாடம் நடத்துனதும் அதே டிபார்ட்மெண்ட்ல, அப்புறம் எப்படி 2009ல பொருளாதார நோபல் அவங்களுக்குப் போச்சு, அதுக்கு முன்னாடி அவங்க பெரிய ஆளா இல்லையா, வேற என்ன விருதெல்லாம் வாங்கிருக்காங்க?

நோபல் வந்தப்ப அவங்களுக்கு 76 வயசு. அதுக்குள்ள அவங்க துறையில குடுக்கக்கூடிய பெரிய மரியாதை எல்லாத்தையும் வாங்கி முடிச்சாச்சு. அதனால நோபலால பிரபலமான யாரோ ஒருத்தர்னு நெனச்சு ஆரம்பிச்சா அவங்க கேரியரே தலைகீழாத்தான் தெரியும். அவங்க வாங்குன ஒவ்வொரு விருதுக்கும் பின்னாடி, பத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி, வெயில்ல சுத்தி செஞ்ச ஏதோ ஒரு வேலை இருக்கும். நான் அந்த வேலையைத்தான் முதல்ல சொல்லப் போறேன், விருது பட்டியல் பின்னாடி வரும்.

1933 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பொறந்தாங்க. அப்பா நாடகத்துக்கு செட் போடறவர், அம்மா இசைக்காரங்க, ரெண்டு பேரும் சீக்கிரமே பிரிஞ்சுட்டாங்க, அம்மா கூடத்தான் வளர்ந்தாங்க, அதுவும் அமெரிக்காவுல பொருளாதார மந்தம் தலைவிரிச்சு ஆடுன காலம். படிச்சது பெவர்லி ஹில்ஸ் ஹைஸ்கூல், அதாவது சுத்தி இருக்குற புள்ளைங்க எல்லாம் பணக்கார வீடு, இவங்க மட்டும் இல்லாத வீடு. திக்கு வாய் வேற இருந்திருக்கு, அதை சரி பண்றதுக்காக பேச்சுப் பயிற்சி, அப்படியே டிபேட் டீம்ல சேர்ந்தாச்சு. ஒரு விஷயத்துக்கு எப்பவும் ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டு பக்கமும் நின்னு பேசத் தெரியணும்ங்கறதை அங்கதான் கத்துக்கிட்டேன்னு பின்னாடி சொல்லிருக்காங்க. குடும்பத்துல அதுவரைக்கும் யாரும் காலேஜ் போனதில்ல, அம்மாவுக்கும் பொண்ணு எதுக்கு போகணும்னு தெரியல, நீச்சல் சொல்லிக் குடுத்து, சின்னச் சின்ன வேலை பாத்துதான் யுசிஎல்ஏல, அதாவது லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில, டிகிரி முடிச்சாங்க, 1954ல, அதுவும் மூணே வருஷத்துல.

டிகிரி முடிச்சு வேலைக்குப் போனா எல்லா இடத்துலயும் ஒரே கேள்வி: டைப்பிங் தெரியுமா, ஷார்ட்ஹேண்ட் தெரியுமா. பொண்ணுன்னா ஒண்ணு செக்ரட்டரி, இல்லாட்டி டீச்சர், அவ்வளவுதான் அப்ப. சரின்னு தபால் வழியா ஷார்ட்ஹேண்ட் கத்துக்கிட்டாங்க. செக்ரட்டரி வேலைக்கு அது பயன்படவே இல்ல, ஆனா பின்னாடி ஆராய்ச்சிக்காக ஆளுங்களை பேட்டி எடுக்கும்போது நல்லா கைகுடுத்துச்சாம். மொத கல்யாணம் ஆகி, கணவர் ஹார்வர்டுல சட்டம் படிச்சப்ப இவங்க கேம்ப்ரிட்ஜ், பாஸ்டன் பக்கம் வேலை பாத்து வீட்டை ஓட்டிருக்காங்க. அந்தக் கல்யாணம் நிலைக்கல.

அடுத்து நடந்ததுதான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்ற கதை. யுசிஎல்ஏல பொருளாதாரத்துல பிஎச்டி பண்ணணும்னு போனாங்க, கணக்கு பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. ஏன் பத்தலைன்னா, ஸ்கூல்ல ட்ரிக்னாமெட்ரி எடுக்கறேன்னு கேட்டப்ப பொண்ணுங்களுக்கு அது தேவையில்லன்னு எடுக்க விடல. பொருளாதார டிபார்ட்மெண்ட் வேண்டாம்னு ஒதுக்குன ஆளுக்கே பொருளாதார நோபல், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா இந்தக் கதைல ஒரு பாதியை விட்டுடறாங்க. அரசியல் அறிவியல் டிபார்ட்மெண்ட் மட்டும் வாங்கம்மான்னு கூப்பிட்டு உக்கார வச்சதா? நாப்பது பேர் சேர்ந்த அந்த பேட்ச்ல பொண்ணுங்க நாலு பேர்தான், அந்த நாலு பேரைச் சேத்ததுக்கே வாத்தியார்கள் மீட்டிங்ல பெரிய சண்டை, இவங்களுக்கெல்லாம் உதவித்தொகை குடுத்து என்ன ஆகப்போகுது, நல்ல யுனிவர்சிட்டில எவன் வேலை குடுப்பான்னு. அதனால ஒரு துறை தப்பு பண்ணுச்சு இன்னொரு துறை புரிஞ்சுக்கிச்சுன்னு பிரிக்கறது சரியில்ல. ரெண்டு கதவுமே சாத்தித்தான் இருந்துச்சு, ஒண்ணுல கொஞ்சம் இடுக்கு இருந்துச்சு, அவ்வளவுதான்.

பிஎச்டி தலைப்பு அவங்களா தேடுனது இல்ல, ஒரு செமினார்ல மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிலத்தடி நீர்ப் படுகையைப் பிரிச்சுக் குடுத்தாங்க, இவங்களுக்கு வந்தது வெஸ்ட் பேசின். லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்துல இருக்குற படுகை. ஊர் பெருத்துச்சு, நகராட்சிங்க, தண்ணி கம்பெனிங்க, எண்ணெய் ரிஃபைனரிங்க எல்லாம் போட்டி போட்டு போர்வெல் போட்டு உறிஞ்ச, நிலத்தடி மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழ போயி, உப்புத் தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சிருச்சு. நான் ஒருத்தன் குறைச்சா என்ன ஆகப்போகுது, பக்கத்து ஆளு உறிஞ்சிட்டுப் போவான்னுதான் ஒவ்வொருத்தரும் நெனப்பாங்க. ஆனா அங்க நடந்தது வேற. சங்கம் ஆரம்பிச்சு, கோர்ட்டுக்குப் போயி, யார் எவ்வளவு எடுக்கறாங்கன்னு கணக்கை வெளிய வச்சு, ஆளுக்கு இவ்வளவு குறைக்கலாம்னு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. ஹாதார்ன் நகராட்சி மட்டும் கையெழுத்து போட மாட்டேன்னு அடம் பிடிச்சு இன்னும் ஜாஸ்தியா இறைச்சிட்டு இருந்துச்சு, அதையும் வச்சுக்கிட்டுத்தான் மத்தவங்க ஒப்பந்தத்தைக் காப்பாத்துனாங்க. கடலோரமா வரிசையா கிணறு தோண்டி நல்ல தண்ணியை உள்ள செலுத்தி, உப்புத் தண்ணி வராம ஒரு தடுப்பும் கட்டுனாங்க. எலினோர் அந்த மீட்டிங்குக்கெல்லாம் போய் உக்காந்து, பழைய ஃபைலெல்லாம் பொரட்டி, தீசிஸ் எழுதி 1965ல பிஎச்டி வாங்குனாங்க. அந்தத் தீசிஸ் எழுதும்போது இது பொதுச் சொத்துப் பிரச்சனை, அதாவது எல்லாருக்கும் பொதுவான வளத்தை அழியாம எப்படிக் காப்பாத்தறதுங்கற பிரச்சனைன்னே எனக்குத் தெரியாதுன்னு அவங்களே சொல்லிருக்காங்க, ஏன்னா அந்தப் பேச்சு பிரபலமாகறதுக்கே இன்னும் மூணு வருஷம் இருந்துச்சு.

அந்த செமினாரை நடத்துனவர் வின்சென்ட் ஆஸ்ட்ரம். 1963ல ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 1965ல வின்சென்ட்டுக்கு இண்டியானா யுனிவர்சிட்டில, ப்ளூமிங்டன்ல வேலை. வேலை அவருக்குத்தான். இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, மொத வருஷப் பசங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பத்தி பாடம் எடுக்க, செவ்வாய், வியாழன், சனி, காலைல 7.30 மணி கிளாஸ். யாரும் சீண்டாத நேரம், சனிக்கிழமை வேற. சரின்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த விசிட்டிங் வேலைல இருந்து நிரந்தர வேலை, 1969ல அசோசியேட், 1974ல ஃபுல் ப்ரொஃபசர், 1980ல இருந்து 84 வரைக்கும் டிபார்ட்மெண்ட் தலைவர். கடைசி வரைக்கும் ப்ளூமிங்டனை விட்டுப் போகல.

எழுபதுகள்ல அவங்க செஞ்ச வேலை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, ஏன்னா அது தண்ணியும் இல்ல காடும் இல்ல, போலீஸ். அப்ப அமெரிக்கா முழுக்க ஒரு கருத்து ஓடிட்டு இருந்துச்சு: ஒரு பெருநகரத்தைச் சுத்தி குட்டிக் குட்டியா எக்கச்சக்க போலீஸ் டிபார்ட்மெண்ட் இருக்கு, இது வீண் செலவு, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே பெரிய டிபார்ட்மெண்ட் ஆக்கிட்டா நல்லா நடக்கும்னு. கேட்டா நியாயமாத்தான் தோணும். இவங்க என்ன பண்ணாங்கன்னா, பெருசா ஃபண்டு எதுவும் இல்லாமலே, மாணவர்களைக் கூட்டிக்கிட்டு இண்டியானாபோலிஸ் போனாங்க. சொந்தமா சின்ன போலீஸ் வச்சிருந்த மூணு ஊர், அதே மாதிரி வருமானம், அதே மாதிரி வீடு, ஆனா பெருநகர போலீஸ் பாத்துக்கற பக்கத்து ஏரியா, ரெண்டையும் ஜோடி போட்டு வீடு வீடா கேட்டாங்க: திருட்டு நடந்துச்சா, போன் பண்ணா எவ்வளவு நேரத்துல வந்தாங்க, வந்தவங்க உங்களை எப்படி நடத்துனாங்க. சின்ன டிபார்ட்மெண்ட்தான் சமமா இல்லாட்டி மேலா வந்துச்சு. சும்மா ஒரு ஊர்னு சொல்லிடுவாங்கன்னு சிகாகோ பக்கம் ரெண்டு ஏழை கறுப்பின ஊர்கள்ல பாத்தாங்க, அங்க சிகாகோ நகரம் செலவு பண்றதுல ஒரு சின்னத் துளிதான் செலவு, ஆனா சேவை குறையல. அப்புறம் செயிண்ட் லூயிஸ், அப்புறம் 80 பெருநகரப் பகுதிகள்.

முடிவு என்னன்னா எல்லாத்தையும் சின்னதா உடைங்கன்னு இல்ல. இதைத்தான் நெறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. ரோந்து, உடனே வந்து நிக்கறது இதுக்கெல்லாம் சின்னது நல்லது, தடயவியல் லேப், பயிற்சிப் பள்ளி மாதிரி விஷயங்களுக்கு பெருசு நல்லது, அதனால பல அளவுல பல அமைப்பு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு இருக்கறது குழப்பம் இல்ல, அதுக்குள்ளயே ஒரு ஒழுங்கு இருக்கு. வின்சென்ட் 1961லயே ரெண்டு பேரோட சேர்ந்து எழுதுன பல மைய ஆட்சிங்கற கருத்து இது, எலினோர் அதுக்கு எண்ணிக்கையோட ஆதாரம் குடுத்தாங்க. புருஷன் தத்துவம், பொண்டாட்டி டேட்டான்னு சிலர் கிண்டலா பிரிப்பாங்க, முழுசா சரியில்ல, ஆனா கொஞ்சம் உண்மை இருக்கு.

1973ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, அதுக்கு சென்டர், இன்ஸ்டிட்யூட்னு பேர் வைக்காம, பட்டறைங்கற அர்த்தத்துல வொர்க்‌ஷாப்னு வச்சாங்க. ரெண்டு பேரும் ஒரு ஆசாரிகிட்ட மரவேலை கத்துக்கிட்டு வீட்டு மேஜை நாற்காலி எல்லாம் சொந்தமா செஞ்சவங்க, ஆராய்ச்சியும் அப்படி மாஸ்டர் கூட உக்காந்து கையால கத்துக்க வேண்டிய தொழில்னு நம்புனாங்க. அங்க ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: செமஸ்டர் கடைசில மாணவர்கள் கட்டுரை படிக்கற மாநாட்டுல எழுதுனவர் தன் கட்டுரையைத் தானே பேச மாட்டார், இன்னொருத்தர்தான் அதைப் படிச்சு எடுத்துச் சொல்லுவார், எழுதுனவர் உக்காந்து கேக்கணும். தான் எழுதுனது அடுத்தவனுக்கு எப்படிப் போய்ச் சேந்திருக்குன்னு அப்பத்தானே தெரியும். எல்லா யுனிவர்சிட்டிலயும் இதைக் கொண்டு வந்தா பாதி செமினார் உருப்படும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 1968ல காரெட் ஹார்டின்னு ஒரு உயிரியல் பேராசிரியர் சயன்ஸ் பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதுனார். எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் இருந்தா ஒவ்வொருத்தனும் இன்னொரு மாட்டை ஓட்டிவிடத்தான் பாப்பான், லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லாருக்கும், கடைசில நிலம் அழியும், தப்பிக்க வழி ஒண்ணு அரசாங்கம் எடுத்துக்கணும், இல்லாட்டி தனியாருக்குப் பிரிச்சுக் குடுக்கணும். இந்த வாதம் காட்டுத்தீ மாதிரி பரவுச்சு. பல நாட்டு அரசாங்கம் ஊர்ப் பொது காடுகளை, நீர்நிலைகளை எடுத்துக்கறதுக்கும் இது ஒரு நல்ல சாக்காச்சு.

ஹார்டின் சொன்னது பொய்னு ஆஸ்ட்ரம் சொல்லவே இல்ல. சில இடத்துல அப்படித்தான் நடக்கும், ஆனா எல்லா இடத்துலயும் நடக்கும்னு எப்படிச் சொல்றீங்க, போய்ப் பாத்தீங்களான்னுதான் கேட்டாங்க. உலகம் பூரா மானுடவியல், சமூகவியல், விவசாயப் பொறியியல்னு ஆளாளுக்கு ஒரு கிராமத்தைப் பத்தி எழுதி வச்சிருந்தாங்க, ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் படிக்கறதில்ல. இவங்க அந்த ஆய்வுகளை எல்லாம் நூத்துக்கணக்குல சேத்து, ஒரே கேள்விகளை எல்லாத்துக்கும் போட்டு, எது நூறு வருஷம் தாண்டி நிக்குது, எது சரிஞ்சுதுன்னு பிரிச்சாங்க. ஒரே விதி எல்லா ஊருக்கும் வேலை செய்யுதான்னு தேடித் தேடி கிடைக்கல. அப்புறம்தான் விதியை விட்டுட்டு விதிகளுக்குப் பின்னாடி இருக்குற பொதுத் தன்மையைத் தேடுனாங்க. அப்படி வந்ததுதான் 1990ல வந்த அவங்க முக்கியமான புத்தகம், ‘Governing the Commons’, அதுல இருக்குற எட்டு கோட்பாடுகள்.

எட்டையும் ஒப்பிக்கப் போறதில்ல, ஒரு உதாரணம் பாருங்க. துருக்கில அலான்யான்னு ஒரு கடலோர ஊர், நூறு பேர் சுமாரா சின்னப் படகுல மீன் பிடிக்கறவங்க. எழுபதுகள் ஆரம்பத்துல நல்ல இடத்துக்கு அடிதடி, வலையை வெட்டறது, பிழைப்பே நாறிப்போச்சு. பத்து வருஷம் அப்படி இப்படி முயற்சி பண்ணி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாங்க. ஒவ்வொரு செப்டம்பரும் யாரெல்லாம் பிடிக்கலாம்னு ஒரு பட்டியல். மீன் பிடிக்கற இடம் எல்லாத்துக்கும் பேர் வச்சு இன்னொரு பட்டியல், ஒருத்தர் வலை அடுத்தவர் வலைக்கு வர்ற மீனை மறைக்காத அளவு இடைவெளி. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு இடம். செப்டம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு நாளும் எல்லாரும் கிழக்கால ஒரு இடம் நகரணும், ஜனவரிக்கு அப்புறம் மேற்கால ஒரு இடம், ஏன்னா மீன் கூட்டம் போற திசை அப்பத்தான் மாறும். நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் வந்தே தீரும். இதுல அழகு என்ன தெரியுமா, காவல் காக்க தனி ஆளே வேண்டாம். இன்னைக்கு அந்த நல்ல இடம் என் முறைன்னா நான் விடியறதுக்கு முன்னாடியே போய் நிப்பேன், வேற எவனாவது நின்னா அங்கயே சண்டை, மத்தவங்க எல்லாம் என் பக்கம்தான் பேசுவாங்க ஏன்னா நாளைக்கு அவங்க முறை வரும். பெரும்பாலான தகராறு காபிக் கடைலயே தீந்துருமாம்.

இதையே இலங்கைத் தென்கரைல மாவெல்லைங்கற ஊரோட சேத்து வச்சுப் பாருங்க, அதையும் அதே புத்தகத்துல எழுதிருக்காங்க. கரைவலை இழுக்கற ஊர், அங்கயும் முறை வச்சு சுழற்சிதான், நல்ல நுணுக்கமான ஏற்பாடுதான். ஆனா மொத்தம் எத்தனை வலைங்கறதுக்கு கட்டுப்பாடு நிக்கல, புதுசு புதுசா வலை சேந்துக்கிட்டே போச்சு, ஆளுக்கு முறை வர்றதே அபூர்வமாகி, வருமானம் பிரிஞ்சு பிரிஞ்சு ஒண்ணுமில்லாம போச்சு. சுழற்சி முறை ரெண்டு ஊர்லயும் இருக்கு, யார் உள்ள யார் வெளியங்கற எல்லை ஒரு ஊர்லதான் இருக்கு. இந்த மாதிரி தோத்த ஊர்களையும் ஜெயிச்ச ஊர்களுக்குச் சமமா எடுத்துப் பாத்ததுதான் அவங்க ஆராய்ச்சிக்கு வலு, இல்லாட்டி சும்மா கிராமத்துப் பெருமை பாடுன புத்தகமாப் போயிருக்கும். அம்பாறைப் பக்கம் கல் ஓயா பாசனத் திட்டத்துல விவசாயிகளை அமைப்பா திரட்டுனதுக்கு அப்புறம் நிலைமை மாறுனதும் அதே புத்தகத்துல வருது.

நேபாளத்துல செஞ்ச பாசன ஆய்வு இன்னும் சுவாரஸ்யம், தலைமடை கடைமடை தகராறு தெரிஞ்சவங்களுக்கு சட்டுன்னு புரியும். இருநூறுக்கும் மேல வாய்க்கால்களைப் பாத்தாங்க. ஒரு பக்கம் விவசாயிங்களே கல்லு, மண்ணு, கிளைகளை வச்சு கட்டுன அணை, இன்னொரு பக்கம் அரசாங்கமும் வெளிநாட்டு உதவியும் சேந்து கட்டுன சிமெண்ட் அணை. பாத்தா சிமெண்டுதானே ஜெயிக்கணும்? கடைமடைக்குத் தண்ணி போறதுல கல்லு மண்ணு அணைதான் மேல. காரணம் இஞ்சினியரிங் இல்ல. மண் அணை ஒவ்வொரு மழைக்கும் உடையும், அதைத் திரும்பக் கட்ட தலைமடைக்காரனுக்கு கடைமடைக்காரன் உழைப்பு வேணும், அதனால தண்ணி விட்டே ஆகணும். சிமெண்ட் அணை வந்ததும் தலைமடைக்காரனுக்கு யாரும் தேவையில்ல, மடையை அவன் இஷ்டத்துக்குத் திறக்கறான், கடைமடை காயுது. உதவி செய்யறேன்னு போட்ட பணம் அங்க இருந்த பேரத்தையே உடைச்சிருச்சு. திட்டம் போடற எந்த அதிகாரியும் இதைப் படிக்காம கையெழுத்து போடக்கூடாதுன்னு நான் சொல்லுவேன்.

இதெல்லாம் ஊர்க் கதை, விஞ்ஞானம் இல்லன்னு சொல்றவங்களுக்காக லேபுக்கும் போனாங்க. ஜெர்மனில பீலஃபெல்ட்ல ரைன்ஹார்ட் செல்டன்கிட்ட கேம் தியரி (ஒருத்தர் முடிவு அடுத்தவர் முடிவைப் பொறுத்து எப்படி மாறும்னு கணக்காப் பாக்கற துறை) கத்துக்கிட்டு, அவரும் பின்னாடி 1994ல நோபல் வாங்குனவர், இண்டியானால ராய் கார்ட்னர், ஜேம்ஸ் வாக்கர்னு ரெண்டு எகனாமிஸ்டுங்களோட சேந்து ஒரு பொது வளத்தைப் பங்கு போடற மாதிரி ஒரு விளையாட்டை மாணவர்களை நிஜப் பணத்தை வச்சு விளையாட விட்டாங்க. பேச விடாம வச்சா ஹார்டின் சொன்ன மாதிரியே அழிச்சிடறாங்க, இன்னும் மோசமாக்கூட. சும்மா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க விட்டா போதும், யாரும் கட்டாயப்படுத்தல, ஒப்பந்தத்தை மீறுனா தண்டனையும் இல்ல, ஆனாலும் பெரும்பாலும் ஒழுங்கா நடந்துக்கறாங்க. இன்னொரு விளையாட்டுல தண்டிக்க வழி குடுத்தப்ப, மீறுனவனை தண்டிக்க கைக்காசு செலவாகும்னாலும் செலவு பண்றாங்க. அன்னைக்கு இருந்த தியரிப்படி இது ரெண்டுமே நடக்கவே கூடாது.

இனி விருது. வரிசையா வச்சுப் பாத்தா எந்த வேலைக்கு எது வந்துச்சுன்னு தெரியும். 1982ல பப்ளிக் சாய்ஸ் சொசைட்டி தலைவர், அது பொருளாதாரமும் அரசியலும் கலந்த கூட்டம், அந்தப் பதவிக்கு வந்த மொத பெண், அதாவது போலீஸ் ஆய்வுக் காலத்துலயே எகனாமிஸ்டுங்க பக்கம் ஒரு காலை வச்சாச்சு. புத்தகம் வந்த மறு வருஷம், 1991ல ஆர்தர் பென்ட்லி பேர்ல இருக்குற பேராசிரியர் பதவி, அமெரிக்க கலை அறிவியல் அகாடமி உறுப்பினர். 1996, 97ல அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவர், தலைவர் உரைல அவங்க பேசுனதே இந்த லேப் முடிவுகளை வச்சு, மனுசன் வெறும் சுயநலக் கணக்குப் போடற மெஷின்னு வச்சுக்கிட்டு தியரி கட்டுனது போதும்னுதான். 1997ல ஃபிராங்க் சைட்மன் விருது, அது அரசியல் பொருளாதாரத்துக்குக் குடுக்கறது.

1999ல யோஹான் ஷூட்டே பரிசு. வெளிய யாருக்கும் தெரியாது ஆனா துறைக்குள்ள இதைத்தான் அரசியல் அறிவியலோட நோபல்னு சொல்லுவாங்க. சுவீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டி குடுக்குது, 1622ல ஆரம்பிச்ச ஒரு பேராசிரியர் பதவியோட அறக்கட்டளைல இருந்து, 1995ல மொத பரிசு ராபர்ட் டால், அப்புறம் லின்ஸ், லைப்ஹார்ட்னு ஜாம்பவான்கள், அஞ்சாவதா இவங்க, அதை வாங்குன மொத பெண். எனக்கென்னவோ நோபலை விட இதுதான் கணக்குல சேரணும்னு தோணும், ஏன்னா வேலையை முழுசா படிச்சவங்க குடுத்தது.

2001ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினர், 2004ல அதே அகாடமியோட ஜான் கார்ட்டி விருது, 2005ல ஜேம்ஸ் மேடிசன் விருது, 2008ல வில்லியம் ரைக்கர் பரிசு. இதுக்கு நடுவுல கௌரவ டாக்டர் பட்டங்கள் வேற, அதெல்லாம் எண்ணிட்டு இருக்க வேண்டாம்.

2009 அக்டோபர் 12, நோபல் அறிவிப்பு, இந்தப் பொதுச் சொத்து ஆராய்ச்சிக்காகத்தான், ஆலிவர் வில்லியம்சன்ங்கற எகனாமிஸ்டோட பாதிப் பாதி. பொருளாதாரத்துல நோபல் வாங்குன மொத பெண் இவங்கதான், நாப்பது வருஷமா ஒரு பொண்ணுக்கும் குடுக்காம இருந்திருக்காங்க. அதே நேரம் அரசியல் அறிவியல்ல டாக்டரேட் வாங்கி பொருளாதார நோபல் வாங்குன மொத ஆள் இவங்கன்னு நெறைய இடத்துல எழுதறாங்க, அது தப்பு, 1978ல வாங்குன ஹெர்பர்ட் சைமனும் சிகாகோல அரசியல் அறிவியல்ல டாக்டரேட் வாங்குனவர்தான். வித்தியாசம் என்னன்னா சைமன் சைக்காலஜி, கம்ப்யூட்டர்னு போயிட்டார், இவங்க அரசியல் அறிவியல் டிபார்ட்மெண்ட் சம்பளப் பட்டியல்லயே இருந்துக்கிட்டு வாங்குனாங்க. அன்னைக்கு சில பிரபல எகனாமிஸ்டுங்க இந்தப் பேரை இப்பத்தான் கேள்விப்படறேன்னு வெளிப்படையாவே எழுதுனாங்க. அது ஆஸ்ட்ரமுக்கு அவமானம் இல்ல, பக்கத்து டிபார்ட்மெண்ட்ல என்ன நடக்குதுன்னு பாக்காதவங்களுக்குத்தான். மொத்தப் பரிசு ஒரு கோடி சுவீடன் க்ரோனா, அவங்க பங்கை அந்த வொர்க்‌ஷாப்புக்கே குடுத்துட்டாங்க.

இதுல ஒரு கூத்து இருக்கு. அந்த அறிவிப்புக்கு சில நாள் முன்னாடிதான் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் ஒரு திருத்தம் கொண்டு வந்திருந்தார்: ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் குடுக்கற தேசிய அறிவியல் அறக்கட்டளை இனிமே அரசியல் அறிவியல் ஆராய்ச்சிக்கு பைசா குடுக்கக்கூடாது, அது விஞ்ஞானமே இல்லன்னு. ஆஸ்ட்ரம் பல வருஷமா அந்த அறக்கட்டளைப் பணத்துல ஆராய்ச்சி பண்ணவங்க. அடுத்த வாரமே நோபல். நவம்பர்ல திருத்தம் தோத்துச்சு. ஆனா அவர் விடல, 2013ல வேற வடிவத்துல நிறைவேத்திட்டார், அது கொஞ்ச நாள்தான் நின்னுச்சு.

விமர்சனம் இல்லாம இல்ல. ஊர்னா எல்லாரும் சமம்னு வச்சுக்கிட்டு பேசறாங்க, ஊருக்குள்ள யார் கை ஓங்கி இருக்கு, யாரை உள்ளயே விடல, பொண்ணுங்க குரல் எங்கன்னு போதுமான அளவு கேக்கலைன்னு ஒரு குற்றச்சாட்டு, அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் நெனக்கறேன், எல்லை தெளிவா இருக்கணும்ங்கற அதே கோட்பாடு யாரை வெளிய நிறுத்தறதுக்கும் உதவும். இன்னொண்ணு, நூறு பேர் படகுக்கு சரி, பூமி முழுக்க காத்துல கரியமில வாயு கலக்கறதுக்கு இது எப்படி பொருந்தும்? அதுக்கு அவங்க பதில் பழைய போலீஸ் ஆய்வுல இருந்தே வந்துச்சு: உலக ஒப்பந்தம் வர்றவரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காராதீங்க, நகரம், மாநிலம், நாடு எல்லா மட்டத்துலயும் ஒரே நேரத்துல ஆரம்பிங்க. அது போதுமாங்கறது இன்னைக்கும் வாதத்துல இருக்கற விஷயம்.

2012ல டைம் பத்திரிகையோட செல்வாக்குள்ள நூறு பேர் பட்டியல்ல வந்தாங்க. கணையப் புற்றுநோய், அதோடயே மார்ச்ல லண்டன் போய் லெக்சர் குடுத்தாங்க, 2012 ஜூன் 12 ப்ளூமிங்டன்ல 78 வயசுல இறந்தாங்க, பிரேசில்ல ரியோல நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டை ஒட்டி அவங்க எழுதுன கட்டுரை அன்னைக்குத்தான் வெளிவந்துச்சு. அதே மாசம் வின்சென்ட்டும் போயிட்டார். வொர்க்‌ஷாப்புக்கு இப்ப ரெண்டு பேர் பேரும் இருக்கு. 2020ல அரசியல் அறிவியல் துறை இருக்கற உட்பர்ன் ஹாலுக்கு வெளிய அவங்க சிலை வச்சாங்க, அந்த கேம்பஸ்ல ஒரு பெண்ணுக்கு வச்ச மொத சிலை அது. பொருளாதார நோபல் அடுத்து ஒரு பெண்ணுக்குப் போக 2019 ஆச்சு, எஸ்தர் டுஃப்லோ, அப்புறம் 2023ல கிளாடியா கோல்டின்.

படிக்கணும்னு ஆசைப்பட்டா 1990 புத்தகத்துல நேரா குதிக்காதீங்க, மொத ரெண்டு அத்தியாயம் தியரி, தூக்கம் வந்துரும். 2009 டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல குடுத்த நோபல் உரையை எடுங்க, தண்ணி, போலீஸ், நேபாளம், லேப் எல்லாத்தையும் அவங்களே வரிசையாச் சொல்றாங்க, நோபல் தளத்துல எழுத்தாவும் வீடியோவாவும் இருக்கு. அதுக்கப்புறம் புத்தகத்தோட மூணாவது அத்தியாயத்துல ஆரம்பிச்சு, சுவிஸ் மலை, ஜப்பான், ஸ்பெயின்னு போயிட்டு, தியரியைக் கடைசில படிங்க.